பெரிய வண்டி வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு



இது நீளமான பதிவு. டீக்கடையில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். பேப்பரும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கணக்கு வரும்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக் குட்டி யானைக்கு வயதாகிவிட்டது. மாற்று வண்டி எடுக்க வேண்டும். என் அண்ணன் மகன், அதைப்போல இரண்டு மடங்கு பாரம் தூக்கும் பெரிய பிக்கப்தான் எடுப்பேன் என்று நிற்கிறான். குடும்பக் குழுவில் நான் "வேண்டாம்" என்று ஒரே ஒரு வார்த்தை போட்டேன். மூன்று நாளாகப் பதில் ஓயவில்லை. "அத்தைக்கு சாக்பீஸ் தெரியும், சேஸிஸ் தெரியுமா?" என்கிறார் ஒருவர். "டீச்சருக்கு மாசமானா பென்ஷன் வருது, எங்களுக்கு வண்டிதான் பென்ஷன்" என்கிறார் இன்னொருவர். என்னிடம் படித்த பையன்கள் நாலைந்து பேர், அவர்களும் பழைய வண்டியை மாற்றப் போகிறவர்கள், தனியாக போன் பண்ணி "ஏன் டீச்சர் இப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லத் தொண்டை இல்லை. 34 வருஷம் கத்தியாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான்: வருஷத்தில் இருபது நாள் ஏற்றும் பாரத்துக்காக வண்டி எடுக்காதீர்கள். இருநூறு நாள் ஏற்றும் பாரத்துக்கு எடுங்கள்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் எங்கள் வண்டி வாசலுக்கு வந்த 2011-லிருந்து அதற்குக் கணக்கு எழுதுவது நான்தான். டீசல், டயர், எஃப்.சி., இன்சூரன்ஸ், பிளேட்டு உடைந்தது, கண்ணாடி போனது, மண்டிச் சீட்டில் உள்ள எடை, எல்லாம் நாலு நீள நோட்டில் இருக்கிறது. குழுவில் பேசிய யாரிடமாவது அப்படி ஒரு நோட்டு இருந்தால் கொண்டு வரட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுவோம்.

முதலில் குட்டி யானைக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். டாடா ஏஸ் 2005-ல் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் இன்ஜின், வெறும் 16 குதிரைச் சக்தி, முக்கால் டன் பாரம். வந்த புதிதில் "இது என்ன பொம்மை வண்டி" என்று சிரித்தவர்கள் நம் ஊரிலேயே உண்டு. அதற்கு முன்னால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோக என்ன வழி இருந்தது? பஸ் கூரையில் மூட்டை ஏற்றலாம். இல்லையென்றால் நாலு தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு டெம்போ பிடித்து, அவன் வருகிற நேரத்துக்குக் காத்திருக்கலாம். பறித்த தக்காளி வெயிலில் கிடக்கும். குட்டி யானை வந்த பிறகு, ஒரு ஏக்கர் கத்தரி போட்டவனும் தன் காயைத் தானே ஏற்றிப் போய், மண்டியில் நின்று விலை கேட்டான். லாரி நுழையாத இட்டேரிக்குள் அது நுழைந்தது. அது ஜெயித்ததே சின்னதாக இருந்ததால்தான். இன்றைக்கு அந்தச் சின்ன உடம்புதான் எல்லோருக்கும் கேவலமாகத் தெரிகிறது.

இனி அதை வைத்திருக்க முடியாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. அதற்கு மேல் வருஷா வருஷம். 15 வயதைத் தாண்டினால் எஃப்.சி. கட்டணமே பல மடங்கு. தளம் துருப்பிடித்து, காலை வைத்தால் ரோடு தெரிகிறது. மாற்றத்தான் வேண்டும். எதற்கு மாற்றுவது என்பதுதான் கேள்வி.

பெரிய வண்டி கேட்பவர்கள் சொல்லும் முதல் நியாயம்: "திடீர்னு லோடு அதிகமா வந்தா என்ன பண்றது?"

ஏழாம் வகுப்பில் சராசரி, இடைநிலை அளவு, முகடு என்று மூன்று நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? முகடு என்றதும் பாதிப் பேர் மலை முகடு மாதிரி உயரமான எண்ணை எழுதி வைப்பீர்கள். சிவப்பு மையில் அடித்து, "முகடு என்றால் அதிக முறை வரும் எண், பெரிய எண் கிடையாது" என்று எழுதுவேன். நாற்பது வயதிலும் அதே தப்பைத்தான் செய்கிறீர்கள், இப்போது எட்டுப் பத்து லட்ச ரூபாயில்.

எங்கள் நோட்டைப் பாருங்கள். போன வருஷம் வண்டி 238 நாள் ஓடியது. ஒவ்வொரு நாளும் ஒரே நடையில் ஏற்றிய அதிகபட்ச எடையைக் குறித்திருக்கிறேன். 500 கிலோவுக்குள் ஏற்றியது 151 நாள். 500-லிருந்து 750-க்குள் 65 நாள். 750-க்கு மேல் தேவைப்பட்டது 22 நாள். அந்த 22 நாளும் என்ன? தக்காளி மொத்தமாகப் பழுத்த ஒரு வாரம், தொழு உரம் அடித்த நாட்கள், செங்கல் கொண்டுவந்த நாட்கள், இரண்டு விசேஷம். 14 கிலோ தக்காளிப் பெட்டி 45 ஏற்றினால் 630 கிலோ. காலிப் பெட்டி இரண்டு கிலோ என்று வைத்தாலும் 720. நம் வழக்கமான பறிப்பு அதைத் தாண்டுவதில்லை. முருங்கை ஏற்றினால் வண்டி நிறையும், எடை நிறையாது.

ஆக, 216 நாளுக்குச் சின்ன வண்டி போதும். மிச்சமுள்ள 22 நாளுக்கு என்ன செய்வது? வாடகைக்குப் பிடியுங்கள். நம் பக்கம் பெரிய பிக்கப் ஒரு நாளைக்கு டிரைவர், டீசல் எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய் கேட்கிறார்கள். 22 நாளுக்கு 55,000.

இப்போது மறுபக்கம். அண்ணன் மகன் கொண்டுவந்து காட்டிய விலைத்தாள்களின்படி, ரோட்டுக்கு வரும்போது சின்ன வண்டி சுமார் 6 லட்சம், பெரிய பிக்கப் சுமார் பத்தரை லட்சம். வித்தியாசம் நாலரை லட்சம். அந்த நாலரை லட்சத்துக்கு மட்டும், குறையும் இருப்புக்கு 11 சதவீத வட்டியில் ஐந்து வருஷத் தவணை மாதம் சுமார் 9,800. வருஷத்துக்கு 1,17,000. டீசல் எவ்வளவு? எங்கள் வண்டி லிட்டருக்கு 16 கொடுக்கிறது. பெரிய பிக்கப் வைத்திருக்கும் நம் பையன்கள் 12 என்கிறார்கள். வருஷத்துக்கு 14,000 கிலோமீட்டர் ஓடினால் 290 லிட்டர் கூடுதல். லிட்டர் 92 என்று போட்டால் சுமார் 27,000. இரண்டும் சேர்ந்து 1,44,000.

"பெரிய வண்டி விற்கும்போது விலை போகும் அத்தை" என்று உடனே சொல்வான். போகும். ஐந்து வருஷம் கழித்து அந்த வித்தியாசத்தில் பாதி திரும்பக் கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். 2,25,000. வருஷத்துக்கு 45,000. அதையும் கழித்துவிட்டேன். இன்னும் 99,000 நிற்கிறது. பெரிய வண்டிக்குக் கூடும் இன்சூரன்ஸையும் டயர் விலையையும் நான் சேர்க்கவே இல்லை. 55,000 பெரிதா, 99,000 பெரிதா? ஐந்தாம் வகுப்புக் கேள்வி.

இரண்டாவது நியாயம்: "நம்ம வேலை இல்லாத நேரத்துல வாடகைக்கு ஓட்டலாம்."

யார் ஓட்டுவது? பொழுது விடிய மண்டிக்குப் போய்விட்டு வந்து, தண்ணீர் கட்டி, மருந்தடித்து, சாயங்காலம் பறிப்புக்கு ஆள் தேடுகிறவன், நடுவில் எந்த நேரத்தில் வாடகைக்குப் போவான்? டிரைவர் போட்டால் அவருக்குச் சம்பளமும் படியும் யார் கொடுப்பது? வாடகை வண்டி ஓட்டுவது ஒரு முழுத் தொழில். ஸ்டாண்டில் இடம் வேண்டும், வியாபாரிகளிடம் பழக்கம் வேண்டும், நடு ராத்திரி போன் வந்தால் கிளம்ப வேண்டும். அதைச் செய்கிறவர்கள் செய்யட்டும். அவர்கள் பெரிய வண்டி வாங்குவதில் நியாயம் இருக்கிறது. நம் பையன்கள் பாதிப் பேர் தோட்டத்தையும் விடாமல் ஸ்டாண்டிலும் நிற்கப் பார்த்து, இரண்டையும் கோட்டை விடுகிறார்கள். ஸ்டாண்டில் வரிசையாக நிற்கும் வண்டிகளை ஒரு நாள் மதியம் போய் எண்ணிப் பாருங்கள். டிரைவர்கள் உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தவணை தூங்குவதில்லை.

மூன்றாவது நியாயம்: "வரி பத்து சதவீதம் குறைஞ்சிருக்கு. இப்ப விட்டா கிடைக்காது. இருக்கிற காசுக்குப் பெருசாவே எடுத்துரலாம்."

2025 செப்டம்பர் 22-லிருந்து சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனது உண்மை. ஆனால் விலை பத்து சதவீதம் குறையவில்லை. 100 ரூபாய் சரக்கு முன்னால் 128-க்கு விற்றது, இப்போது 118-க்கு விற்கிறது. 128-ல் 10 குறைந்தால் அது 7.8 சதவீதம். குறைந்த பணத்தைக் கடனில் கழித்துக்கொள்ளாமல், அதை வைத்து இன்னும் பெரிய கடன் வாங்குவதற்குப் பெயர் சேமிப்பா?

கடன் என்றதும் இன்னொன்று. "வெறும் ஏழு பர்சென்ட்தான் டீச்சர்" என்று ஒரு பையன் சந்தோஷமாகச் சொன்னான். ஏழு என்றால் எந்த ஏழு? அது 'ஃப்ளாட்' வட்டி. நான் நடத்திய தனிவட்டிதான். 8 லட்சத்துக்கு 7 சதவீதம், 5 வருஷம். அசலைப் பெருக்கி, வட்டி வீதத்தைப் பெருக்கி, காலத்தைப் பெருக்கி, நூறால் வகுத்தால் 2,80,000. மொத்தம் 10,80,000. அறுபது மாதத்துக்கு மாதம் 18,000. இதில் சூது எங்கே? மாதா மாதம் அசலில் கொஞ்சம் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். ஆனால் அறுபதாவது மாதத்திலும் முழு 8 லட்சத்துக்கே வட்டி கட்டுகிறீர்கள். அதே 18,000 தவணையைக் குறையும் இருப்பு முறையில் போட்டுப் பார்த்தால் வட்டி பன்னிரண்டரை சதவீதம் வருகிறது. ஏழு என்று சொல்லிப் பன்னிரண்டரை வாங்குகிறார்கள். 11 சதவீதம் என்று வெளிப்படையாகச் சொல்லும் வங்கியில் அதே 8 லட்சத்துக்குத் தவணை சுமார் 17,400-தான். எங்கே போனாலும் இரண்டே கேள்வி கேளுங்கள்: "இது ஃப்ளாட்டா, குறையும் இருப்பா? அறுபது மாசமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" இரண்டாவதற்குப் பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் டீ கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் பெரிய வண்டிக்கே எதிரி என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். பாச்சலூர் மலை ரோட்டில் தினம் வாழைத்தாரும் சௌசௌவும் இறக்குகிற பையனுக்குக் குட்டி யானை பத்தாது. அந்த ஏற்றத்துக்கும் அந்த வளைவுகளுக்கும் இழுவையும் பிரேக்கும் வேண்டும். வெங்காய வியாபாரம் செய்கிறவனுக்கு ஒரு நடைக்கு ஒரு டன் என்பது சாதாரணம். அவன் நோட்டில் முகடே ஒரு டன்தான். அவன் பெரியதுதான் வாங்க வேண்டும். சின்னதை வாங்கி அதில் ஒன்றரை டன் திணிக்கக் கூடாது. அது பெரிய வண்டி வாங்குவதை விட மோசம். பிரேக் அதே பிரேக். மொத்த எடை ஒன்றரை மடங்கானால், அமுக்கிய இடத்திலிருந்து நிற்கும் இடம் வரை உள்ள தூரமும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். எதிரில் சைக்கிளில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு உங்கள் மண்டி அவசரம் தெரியாது. அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. ஒரு முறை மாட்டினால் அந்த மாதத் தவணை போச்சு.

சின்னதுக்கும் பெரியதுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரியும் பேசுகிறார்கள். இருக்கிறது. நம் ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ல் வந்ததே ஒன்றேகால் டன் வண்டியாகத்தான். டாடாவில் இன்ட்ரா இருக்கிறது. பெட்ரோலிலும் சி.என்.ஜி.யிலும் மாருதி சூப்பர் கேரி இருக்கிறது. 2025 ஜூனில் ஏஸ் புரோ என்று ஒன்று வந்தது, பெட்ரோல், முக்கால் டன், வந்தபோது ஷோரூம் விலை நாலு லட்சத்துக்குச் சற்றுக் கீழே ஆரம்பித்தது. எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்காமல், பக்கத்துத் தோட்டத்துக்காரன் வாங்கிய அதே நிறத்தில் அதே வண்டி வேண்டும் என்றால், அது வண்டி வாங்குவதில் சேராது.

பார்க்கும்போது நாலு விஷயம் கவனியுங்கள். ஒன்று, விற்பவர் சொல்லும் பாரத்தை நம்பாமல், ஆர்.சி.யில் வரப்போகும் மொத்த எடையையும் காலி வண்டி எடையையும் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றலாம். டிரைவர் எடையும் அதில்தான். வாங்கிய பிறகு கம்பித் தடுப்பு, தார்ப்பாய்ச் சட்டம் என்று 100 கிலோ இரும்பை வைத்தால் அதுவும் அதில்தான். இரண்டு, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. பெரிய பிக்கப்புகளில் சில அந்தக் கோட்டைத் தாண்டும். கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று, லைசென்ஸ். "பெரிய வண்டிக்கு வேற லைசென்ஸ் எடுக்கணும்" என்று என் கட்சிக்காரர் ஒருவர் குழுவில் போட்டிருந்தார். அது சரியில்லை. மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியை இலகு ரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-ல் சொல்லிவிட்டது. எனக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காகத் தப்பான காரணத்தை நான் ஏற்க மாட்டேன்.

நான்காவது, டீசலா பெட்ரோலா. 2020 ஏப்ரல் முதல் விற்பதெல்லாம் பி.எஸ். 6 வண்டிகள். பொதுவாக இந்த டீசல் வண்டிகளின் சைலன்ஸர் பக்கம் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கும். நீண்ட தூரம் சீராக ஓடினால் அந்தச் சூட்டில் கரி எரிந்து சுத்தமாகிவிடும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தி, மறுபடி பன்னிரண்டு கிலோமீட்டர் திரும்பி வருகிற நம் மாதிரி ஓட்டத்தில், சூடேறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது. வடிகட்டி அடைத்துக்கொள்ளும், டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஊர் மெக்கானிக் சுத்தியலால் தட்டிச் சரி பண்ணிய காலம் எங்கள் பழைய வண்டியோடு முடிந்தது. குறைந்த ஓட்டத்துக்கு பெட்ரோலையும், பக்கத்தில் பங்க் இருந்தால் சி.என்.ஜி.யையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டீசல்தான் ஆம்பளை வண்டி என்று பேசாதீர்கள்.

இனி நான்காவது நியாயம். இந்தப் பதிவை எழுத வைத்ததே அதுதான். "பெரிய வண்டின்னா கல்யாணம், காதுகுத்து, பழனிக்குன்னா வீட்டு ஆளுங்க எல்லாரும் பின்னாடி ஏறிக்கலாம். களை வெட்ட இருபது பேரை ஒரே நடையில கூட்டிட்டு வந்துரலாம்."

வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் நான் கணக்குப் பேசத் தயாராக இல்லை.

பின்னால் ஏற்றுவது தக்காளியாக இருந்தால் வண்டி கவிழ்ந்தால் தக்காளி நசுங்கும். அங்கே சீட்டு இல்லை, பெல்ட்டு இல்லை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. நிற்கிறவர்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் வளைவில் வண்டியின் சமநிலையே மாறிவிடும். புவி ஈர்ப்பு மையம் உயர உயரக் கவிழும் வாய்ப்பு கூடும் என்று அறிவியலில் நடத்தியதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா?

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிற பயணிகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் இருபது வருஷத்துக்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஏற்றிய சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ கூட வரலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. கல்யாணத்துக்குப் போகிற பெரியம்மா சரக்குக்குச் சொந்தக்காரர் இல்லை. களை வெட்ட வருகிற பெண்களும் இல்லை. விபத்து நடந்தால் இழப்பீடு வண்டிக்காரன் தலையில். நீதிமன்றம் இரக்கப்பட்டுக் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொன்னாலும், பிறகு அதை உங்களிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லும். வருஷா வருஷம் தவறாமல் கட்டிய பிரீமியம் அன்றைக்கு ஒரு பைசா உதவாது.

என்னிடம் படித்த ஒரு பெண், அழகாகக் கையெழுத்து எழுதுவாள், வெங்காயம் அறுக்கப் போய்த் திரும்பும்போது அப்படி ஒரு வண்டியிலிருந்து விழுந்தாள். இன்று இடது காலை இழுத்துத்தான் நடக்கிறாள். குனிந்து செய்யும் வேலை எதுவும் முடியாது. அன்றைய கூலியை நம்பிப் போனவள். அந்த வண்டிக்காரரும் கெட்டவர் இல்லை. நடந்து வரும் பெண்களைப் பார்த்து "ஏறிக்கோங்க" என்று சொன்னவர்தான். இழப்பீடு கட்ட அவர் அரை ஏக்கர் விற்றார். இரண்டு வீடும் இன்னும் எழுந்திருக்கவில்லை. பெரிய வண்டி வந்தால் பின்னால் இன்னும் பத்துப் பேர் ஏறலாம் என்று யாராவது சந்தோஷப்படும்போது எனக்கு அவள் நடை ஞாபகம் வருகிறது. ஆள் கூட்டிவர வேண்டுமானால் வேனோ ஆட்டோவோ பேசுங்கள். அந்தச் செலவைக் கூலிக் கணக்கில் போடுங்கள். அதைக் கொடுக்க முடியாத வெள்ளாமையைச் செய்ய வேண்டாம்.

ஐந்தாவது நியாயத்தை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பெரிய வண்டி வாசலில் நின்றால் கௌரவம். பெண் பார்க்க வருகிறவர்கள் கவனிப்பார்கள். பங்காளி வீட்டில் நிற்பதை விட ஒரு சாண் உயரமாக நிற்க வேண்டும். முன் கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயரை எழுதுகிறீர்கள், பிள்ளைகள் பெயரை எழுதுகிறீர்கள், "அப்பா அம்மா ஆசி" என்று ஒட்டுகிறீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. தவணை முடியும் வரை அதைத்தான் ஊர் படிக்க வேண்டும்.

முன்பணம் எங்கிருந்து வருகிறது? பாதி வீடுகளில் மனைவியின் நகையிலிருந்து. அண்ணன் மகனே, உன்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். சங்கிலியை அடகு வைக்கும் முன் உன் வீட்டுக்காரியிடம் எந்த வண்டி, என்ன விலை, எத்தனை மாசத் தவணை என்று தாளை விரித்துக் காட்டினாயா? "கழட்டிக் குடு, ஆறு மாசத்துல மூட்டுரலாம்" என்று மட்டும் சொன்னாயா? நகை அவளுடையது, கடனுக்குக் கையெழுத்து அவளுடையது, வண்டியின் உயரத்தை முடிவு செய்வது மட்டும் டீக்கடை நண்பர்களா? அவளையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போ. விலைத்தாளை அவள் கையில் கொடு. நம் வீடுகளில் அரிசி மூட்டையிலிருந்து மளிகைக் கடன் வரை கணக்குப் பார்க்கிறவள் அவள்தான். நீ கேட்காத கேள்வியை அவள் கேட்பாள்.

"தக்காளி கிலோ 100 வித்தப்ப இந்த டீச்சர் என்ன சொன்னாங்க?" என்று கேட்கலாம். 2023-ல் அப்படி விற்றது, வாஸ்தவம். அதற்கு முன்னும் பின்னும் விலையில்லாமல் ரோட்டோரம் கொட்டியதையும் நாம்தான் பார்த்தோம். விலை இரண்டு பக்கமும் ஆடும். தவணை ஒரே இடத்தில் நிற்கும். நல்ல மாதத்தில் சேர்த்த காசு கெட்ட மாதத்தைத் தாண்ட உதவ வேண்டும். அதற்கு வாசலில் நிற்கும் இரும்பு கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் முடியும்.

ஆகவே வீட்டுப்பாடம். பழைய மண்டிச் சீட்டுகளை எடுங்கள், கடந்த ஒரு வருஷத்துடையது போதும். ஒவ்வொரு நாளும் ஒரு நடைக்கு ஏற்றிய எடையைக் கோடு போட்டு எழுதுங்கள். எந்த எடை அதிக முறை வருகிறது என்று பாருங்கள். அதைத் தாராளமாகத் தூக்கும் வண்டி எது என்று தேடுங்கள். மிச்ச நாட்களுக்கு வாடகை எவ்வளவு என்று போடுங்கள். இரண்டு வண்டிக்கும் ஐந்து வருஷ மொத்தச் செலவை எழுதிக் கூட்டுங்கள். அதன் பிறகும் பெரிய வண்டிதான் சரி என்று விடை வந்தால், சாவி வாங்கும் நாளில் நானே வந்து எலுமிச்சம்பழம் வைக்கிறேன். அண்ணன் மகனுக்கும் இதே வீட்டுப்பாடம்தான். என் நோட்டு நாலும் அவனுக்காக அலமாரியில் இருக்கிறது.

கோபம் வந்தவர்கள் கீழே தாராளமாக எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் விடையை மட்டும் எழுதாதீர்கள். வழிமுறையோடு எழுதுங்கள். என்னிடம் அதற்குத்தான் மார்க்.

உங்கள்,
கணக்கு டீச்சர்